டிராகன் ஏஜ்: தி வெயில்கார்ட் – பத்து ஆண்டு எதிர்பார்ப்புக்கு நியாயம் செய்ததா?

வால்நதி (மிட்ராண்ட்)

2025 மார்ச் மாத பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வரிசையில் வெயில்கார்ட் என்ற வீடியோ ஆட்டம் வந்ததிலிருந்து நம் குழுவில் யாராவது ஒருவர் "ஆடலாமா, வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முழு விலை கொடுத்து வாங்கியவர்கள், இப்போது சந்தாவில் எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் பேசலாம் என்று இதைத் தொடங்குகிறேன். முடிவு வரை பேசுவேன். கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் ஆடி முடித்துவிட்டு வாருங்கள்.

என் கருத்து இதுதான். தனி ஆட்டமாகப் பார்த்தால் நன்றாகச் செய்திருக்கிறார்கள். டிராகன் ஏஜ் தொடரின் நான்காம் பாகமாகப் பார்த்தால் முந்தைய மூன்றையும் மறந்துவிட்ட ஆட்டம். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட எனக்கு மனம் வரவில்லை.

"ரசிகர்கள் அளவுக்கு மீறி எதிர்பார்த்தார்கள்" என்று பலர் எழுதுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. 2015 செப்டம்பரில் வந்த ட்ரெஸ்பாசர் துணைக்கதையை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் பாகமான இன்குவிசிஷன் முழுக்க நம் கூடவே நடந்து, தன் கனவுகளைப் பற்றிப் பொறுமையாகப் பேசிய சோலஸ்தான் எல்ஃப் மக்களின் பழங்கதைகளில் வரும் பயங்கர ஓநாய் என்று அங்கே தெரிகிறது. உலகையும் ஆவிகளின் வெளியையும் பிரிக்கும் திரையைக் கிழிக்கப் போகிறேன், லட்சக்கணக்கானோர் சாவார்கள், வருந்துகிறேன், ஆனாலும் செய்வேன் என்கிறான். கடைசிக் காட்சியில் வரைபடத்தில் டெவின்டர் நாட்டின் மேல் ஒரு கத்தியைக் குத்திவிட்டு ஆட்டம் முடிகிறது. அடுத்த கதை எங்கே, யாரோடு என்று சொல்லி அனுப்பியது ஆட்டத்தைச் செய்த பயோவேர் நிறுவனத்தார்தான். 2018 டிசம்பரில் ஒரு சிறு முன்னோட்டம், 2022இல் ட்ரெட்வுல்ஃப் என்ற பெயர், 2024 ஜூனில் பெயர் மாற்றம், 2024 அக்டோபர் 31 தீபாவளியன்று வெளியீடு. இவ்வளவு காலம் ஆசை காட்டி இழுத்துவிட்டு, ஆசைப்பட்டது தவறு என்றால் எப்படி?

எதிர்பார்ப்புக்கு இன்னொரு வேர் உண்டு. இந்தத் தொடர் நம் முடிவுகளை நினைவில் வைத்திருக்கும். 2009இல் வந்த முதல் பாகமான ஆரிஜின்ஸில் யாரை அரியணையில் ஏற்றினோம், அங்கே நடந்த இருட்டுச் சடங்கால் மந்திரக்காரி மாரிகனுக்குக் குழந்தை பிறந்ததா, 2011இன் இரண்டாம் பாகத்தில் மந்திரவாதிகள் பக்கம் நின்றோமா என்பதெல்லாம் அடுத்தடுத்த ஆட்டங்களில் எதிரொலித்தது. அதற்கென்றே கீப் என்று ஒரு இணையப் பக்கம் வைத்து நூற்றுக்கணக்கான முடிவுகளைக் கேட்டு வாங்கி இன்குவிசிஷனுக்குள் அனுப்பினார்கள். வெயில்கார்ட் கேட்பது மூன்றே மூன்று: மூன்றாம் பாகத்தின் நாயகரான இன்குவிசிட்டர் யாரைக் காதலித்தார், படையைக் கலைத்தாரா, சோலஸைத் தடுப்பதாகச் சொன்னாரா அல்லது மீட்பதாகவா. மாரிகன் நேரிலேயே வருகிறாள், மித்தால் தேவியின் நினைவுகளைச் சுமந்துகொண்டு. ஆனால் இன்குவிசிஷனில் துயரக் கிணற்றின் நீரைக் குடித்தது யார் என்ற பேச்சே இல்லை. மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டாம் பாகத்தின் நாயகரான ஹாக்கை ஆவிவெளியில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு இன்றுவரை பதில் கிடையாது.

தெற்கு நாடுகள், அதாவது முதல் மூன்று ஆட்டங்களிலும் நாம் காப்பாற்றிய மண், கொள்ளைநோயில் அழிந்துகொண்டிருக்கும் செய்தி சில கடிதங்களில் வந்து போகிறது. படித்துவிட்டு மேசையில் வைத்துவிட வேண்டியதுதான். அந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். வைஸ்ஹாப்ட் கோட்டை முற்றுகை இந்தத் தொடரிலேயே மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. சோலஸோடு ஆவிவெளியில் நடக்கும் ஒவ்வொரு உரையாடலும் தேன். கடைசியில் அவனை ஏமாற்றலாம், மோதலாம், அல்லது அவன் குற்ற உணர்வின் வேரைத் தொட்டு அவனாகவே இறங்கிவரச் செய்யலாம். அந்த மூன்றாவது வழி பத்து ஆண்டுகள் காத்திருந்ததற்குக் கிடைத்த நிஜமான பலன். சண்டையிலும் குறை சொல்ல மாட்டேன். பழைய ஆட்டங்களில் நான்கு பேரையும் நிறுத்தி நிறுத்தி நடத்துவோம். இங்கே நீங்கள் ஒருவர், கூட இருவர். அவர்களை நேரடியாக இயக்க முடியாது, திறன்களை மட்டும் ஏவலாம். ஒருவர் எதிரிக்குப் பற்ற வைக்க, மற்றவர் வெடிக்க வைக்கும் கூட்டுத் தாக்குதல் கைக்குப் பிடிபட்டதும் விட மனம் வராது.

மற்றவர்கள் சொல்லுங்கள்.

முதல்ரூக் (ஃபீனிக்ஸ், டர்பன்)

வால்நதி அண்ணா, நீங்கள் சொல்லும் முந்தைய ஆட்டம் ஒன்றைக்கூட நான் ஆடியதில்லை. ஆரிஜின்ஸ் வந்தபோது நான் தொடக்கப்பள்ளியில் இருந்தேன். வெயில்கார்ட்தான் எனக்கு முதல் டிராகன் ஏஜ். எனக்கு ரொம்பப் பிடித்தது.

கதையில் ஒரு டிராகன் மின்ராதஸையும் இன்னொன்று ட்ரெவிசோவையும் ஒரே நேரத்தில் தாக்கும். ஒரு ஊருக்குத்தான் போக முடியும். நான் மின்ராதஸுக்குப் போனேன். அப்புறம் ட்ரெவிசோவுக்குத் திரும்பினால் கால்வாய் நீரெல்லாம் கெட்டுப்போய், கடைகள் மூடி, அந்த ஊர்த் தோழர் லூகானிஸ் முகத்தில் ஒரு இறுக்கம். அவரோடு காதல் வழியும் அடைபட்டுவிட்டது. யாரும் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை, ஊரே சொன்னது. முடிவுகளுக்கு விளைவு இல்லை என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தை ஏன் பேசுவதில்லை?

கடைசி மிஷனிலும் அப்படித்தான். தோழர்களின் கதைகளை முடிக்காமல் விட்டால், எந்தக் குழுவின் பலத்தையும் வளர்க்காமல் போனால், அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தாலும் ஹார்டிங், டாவ்ரின் இருவரில் ஒருவர் போய்விடுவார். நான் டாவ்ரினை அனுப்பினேன். அவர் வளர்த்த அசான் என்ற கிரிஃபினை (பாதி கழுகு, பாதி சிங்கம்) நினைத்தபோது கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டேன்.

பழையவர்கள் மனதில் வைத்திருக்கும் ஆட்டத்தோடு இதை ஒப்பிட்டால் எதுவுமே ஜெயிக்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கரும்புக்காடு (டோங்காட்)

உள்ளே என்ன இருக்கிறது என்றே பார்ப்போம் தம்பி. நான் பேச வந்தது உள்ளே இல்லாத ஒன்றைப் பற்றி.

டெவின்டர் என்றால் இந்தத் தொடரில் அடிமை வியாபாரத்தின் மேல் நிற்கும் பேரரசு. ஆரிஜின்ஸில் டெனெரிம் நகரத்து எல்ஃப் சேரியில் மருத்துவம் பார்க்கிறோம் என்று கதவை அடைத்துக்கொண்டு மக்களை டெவின்டர் வியாபாரிகளுக்கு விற்பார்கள். அந்த ஏட்டை நீங்கள் கையில் எடுத்துப் பார்க்கலாம். இரண்டாம் பாகத்தில் வரும் ஃபென்ரிஸ் உடம்பெல்லாம் எஜமான் பதித்த லிரியம் என்ற மந்திரக் கனிமக் கோடுகளோடு அங்கிருந்து தப்பி வந்தவன். இன்குவிசிஷனில் டோரியன், நல்லவன், அன்பானவன், அவனே தன் வீட்டு அடிமைகள் நன்றாகத்தான் நடத்தப்பட்டார்கள் என்று வாதாடுவான். அவனை விரும்பும் நமக்கே அந்த இடத்தில் முகம் சுளிக்கும். பதினைந்து ஆண்டுகள் மூன்று ஆட்டங்களில் அந்த நாட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தோம். நான்காவதில் தலைநகர் மின்ராதஸுக்கே போய் இறங்குகிறோம். துறைமுகப் பகுதியில் நடக்கிறோம். அழகான விளக்குகள், மிதக்கும் மாளிகை, மழை. அடிமைகள் எங்கே?

எங்கள் குடும்பம் ஒப்பந்தக் கூலிகளாக வந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்த ட்ரூரோ முதல் கப்பல். 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். ஒப்பந்தக் கூலி வேறு, அடிமை வேறு, எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்துப் பேரேட்டில் எழுதினார்கள். எங்கள் ஆயா தன் தாத்தாவின் எண்ணை மனப்பாடமாகச் சொல்வார். இன்னொருவன் லாபத்துக்காக எண்ணாக மாற்றப்பட்டவர்களின் வீட்டில் பிறந்தவள் நான். ஒரு கற்பனை நாடு அதைப் பற்றித் துணிந்து பேசியது என்பதால்தான் இந்தத் தொடர் எனக்கு நெருக்கமானது. டெவின்டருக்குப் போனால் அந்த அமைப்பு எப்படி ஓடுகிறது, சாதாரணக் கடைக்காரன் அதோடு எப்படிச் சமாதானமாக வாழ்கிறான், விடுதலையானவன் எந்தத் தெருவில் தங்குகிறான் என்றெல்லாம் பார்ப்பேன் என்று நம்பினேன். இது அதிகப்படியான எதிர்பார்ப்பா?

முதல்ரூக் (ஃபீனிக்ஸ், டர்பன்)

அக்கா, ஷேடோ டிராகன்ஸ் என்ற குழுவே அடிமைகளை விடுவிக்கத்தானே இருக்கிறது? தோழி நீவ் அந்தக் குழுவோடு வேலை செய்கிறாள். நாம் ஆடும் நாயகரான ரூக்கையே அந்தக் குழுவிலிருந்து வந்தவராக உருவாக்கலாம். நான் அப்படித்தான் ஆடினேன்.

கரும்புக்காடு (டோங்காட்)

இருக்கிறது தம்பி. விடுவிப்பவர்களைக் காட்டுகிறார்கள், விடுவிக்கப்படுபவர்களின் வாழ்க்கையைக் காட்டுவதில்லை. கெட்டது எல்லாம் வெனடோரி என்ற வெறியர் கூட்டத்தின் தலையில் போய் விழுகிறது. அவர்களை அடித்துத் துரத்தினால் ஊர் சுத்தமாகிவிடும் என்பதுபோல் இருக்கிறது. முந்தைய ஆட்டங்கள் சொன்னது, இது சட்டப்படி நடக்கிறது, மரியாதைப்பட்டவர்கள் நடத்துகிறார்கள் என்று. டோரியன் மாதிரி ஒரு நல்லவனின் வாயில் அந்த வாதத்தை வைத்தார்களே, அந்தத் துணிச்சலைத்தான் தேடுகிறேன். ஷேடோ டிராகனாக ஆடிய நீ, யாராவது ஒரு அடிமையோடு உட்கார்ந்து பேசியதாக நினைவிருக்கிறதா?

முதல்ரூக் (ஃபீனிக்ஸ், டர்பன்)

யோசித்துப் பார்த்தேன். இல்லை அக்கா, அப்படி உட்கார்ந்து பேசும் காட்சி எதுவும் எனக்கு நினைவில் இல்லை.

மேசைமலை (கேப் டவுன்)

நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன், ஆட்டம் செய்யும் சிறு குழு ஒன்றிலும் வேலை பார்த்திருக்கிறேன். உருவான கதையைத் தெரிந்துகொண்டால் இந்த ஓட்டைகள் எங்கிருந்து வந்தன என்று புரியும்.

ட்ரெஸ்பாசர் முடிந்ததும் பயோவேர் ஒரு சிறிய, கதை அடர்த்தியான ஆட்டத்தைத் தொடங்கியது. டெவின்டரில் ஒற்றர்கள் நடத்தும் சூழ்ச்சிகளைப் பற்றியது. ஜாப்ளின் என்று உள்ளே பெயர். 2017இல் அதை நிறுத்திவிட்டு ஆட்களை ஆன்தம் என்ற தங்கள் இன்னொரு ஆட்டத்தின் பக்கம் திருப்பினார்கள். மறுபடி தொடங்கியபோது பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும், தொடர்ந்து காசு வரும் வகை ஆட்டமாகத் தொடங்கினார்கள். 2019 பிப்ரவரியில் ஆன்தம் விழுந்தது. அப்புறம் 2021 வாக்கில் பலர் ஆடும் பகுதியை முழுக்க விட்டுவிட்டுத் தனி ஆட்டமாக மாற்ற அனுமதி கிடைத்தது. நடுவில் 2020 டிசம்பரில் பழைய தலைவர்கள் இருவர் வெளியேறினார்கள். 2023 ஆகஸ்டில் ஏறத்தாழ ஐம்பது பேர் வேலை இழந்தார்கள். வாரிக் என்ற பாத்திரத்தை எழுதிய மேரி கிர்பியும் அவர்களில் ஒருவர்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பாருங்கள். சிறு சிறு மிஷன்களாக வெட்டி வைத்த வரைபடங்கள், ஒரு மையத் தளத்திலிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் போய்த் திரும்புவது, குழுக்களுக்குப் புள்ளி சேர்ப்பது, எல்லோருக்கும் பொருந்துகிற, யாரையும் உறுத்தாத வசனம். பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்துக்கு ஊற்றிய அஸ்திவாரத்தின் மேல் தனிக்கதையைக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. முந்தைய முடிவுகள் உள்ளே வராததற்கும் இதில் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். பலர் ஒரே உலகில் ஆடினால் ஒருவருக்கு ஒரு ராஜா, இன்னொருவருக்கு வேறு ராஜா என்று வைக்க முடியாதே.

அந்த நிலையிலிருந்து இவ்வளவு சுத்தமான, பிழையில்லாத ஆட்டமாக வெளியே கொண்டுவந்ததே பெரிய சாதனை. வெளியான நாளிலேயே நன்றாக ஓடியது. ஸ்டீம் டெக்கில்கூட ஓடுகிறது. உள்ளே காசு கேட்கும் கடை எதுவும் கிடையாது. இந்தக் காலத்தில் இதெல்லாம் சாதாரணம் இல்லை. கடைசி ஆண்டுகளில் அதை முடித்துக் கொடுத்தவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன்.

வால்நதி (மிட்ராண்ட்)

மேசைமலை, உழைத்தவர்கள் மேல் எனக்கும் ஒரு புகாரும் இல்லை. அஸ்திவாரம் பற்றிச் சொன்னது மிகச் சரி, பல விஷயம் விளங்கியது. ஆனாலும் காரணம் தெரிந்ததால் குறை மறைந்துவிடாது. விலை கொடுத்தவன் கையில் இருப்பது கடைசியில் வந்த ஆட்டம்தான். நம் ரேண்டில் ஒரு புதிய ஆட்டத்தின் விலை என்ன என்று உங்களுக்கே தெரியும், ஒரு வீட்டின் வாரச் சாமான் செலவு.

இன்னொன்று. 2025 ஜனவரியில் பயோவேரின் தாய் நிறுவனமான ஈஏ, இந்த ஆட்டம் அந்தக் காலாண்டில் சுமார் 15 லட்சம் பேரைச் சென்றடைந்தது, இது தாங்கள் எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய பாதி குறைவு என்று அறிவித்தது. கவனியுங்கள், 15 லட்சம் பேர் ஆடினார்கள் என்றுதான் சொன்னார்கள், இத்தனை பிரதி விற்றது என்று சொல்லவில்லை. அதன் பிறகு அதன் தலைவர், மக்கள் நல்ல கதையோடு சேர்ந்து பகிர்ந்து ஆடும் அம்சங்களையும் விரும்புகிறார்கள் என்ற பொருளில் பேசினார். ஜாப்ளினை நிறுத்தி ஆட்டத்தைத் திசை திருப்பியதே அந்த ஆசைதான். ரசிகனின் எதிர்பார்ப்பும் முதலீட்டாளரின் எதிர்பார்ப்பும் வேறு வேறு என்பதை நாம் பிரித்துப் பேச வேண்டும். கரும்புக்காடு அக்கா கேட்பது ஒரு அடிமை தன் கதையைச் சொல்லும் காட்சி. அவர்கள் கேட்டது இன்னொரு 15 லட்சம் பேர். முதலாவதைக் கொடுத்திருந்தால் இரண்டாவது வந்திருக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. முதலாவதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

நடுராத்திரி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

சின்ன தகவல். இணையம் இல்லாமலும் ஆடலாம், அடிக்கடி தானாகவே சேவ் ஆகிறது. பிப்ரவரியில் மின்வெட்டு திரும்ப வந்த வார இறுதியில் சண்டைக்கு நடுவிலேயே கரண்ட் போனது, கொஞ்ச தூரம்தான் பின்னால் போனேன். கணினியில் ஆடுபவர்கள் 100 ஜிபி இடம் ஒதுக்கி வையுங்கள்.

படையல் (லெனேசியா)

எல்லோரும் சோலஸையே பேசுகிறீர்கள். எனக்கு இந்த ஆட்டம் எம்ரிக் என்ற ஒரே பாத்திரத்துக்காகவே நிற்கிறது.

நெவாரா நாட்டில் இறந்தவர்களை எரிப்பதில்லை. ஒரு உயிர் திரையைத் தாண்டிப் போகும்போது அங்கிருக்கும் ஓர் ஆவிக்கு இடம் இல்லாமல் போகிறது, அதற்கு இந்த உடலைத் தங்க இடமாகக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்காகவே கிராண்ட் நெக்ரோபொலிஸ் என்ற மாபெரும் நிலத்தடி நகரம். எம்ரிக் அங்கே துக்கக் காவலர். அவருக்கு உதவியாள் மான்ஃப்ரெட், ஒரு எலும்புக்கூடு, உள்ளே ஆர்வமிக்க ஒரு சிறு ஆவி, டீ போடக் கற்றுக்கொள்கிறது. பல கற்பனை ஆட்டங்களில் பிணத்தோடு வேலை செய்கிறவன் வில்லன். இங்கே அவர் பூ வைத்து, பேர் சொல்லி, கைகூப்பி வணங்குவதுபோல நின்று பேசுகிறார். 16ஆம் நாள் காரியம் செய்து, பிடித்த பலகாரமெல்லாம் இலையில் வைத்துவிட்டுக் காத்து நிற்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு அது அந்நியமாகவே இல்லை.

இறந்தவர்களோடு அத்தனை நிதானமாகப் பழகும் அந்த மனிதருக்குத் தன் சாவை நினைத்தால் நடுக்கம். அவர் கதையின் முடிவில் ஒரு கேள்வி வரும்: லிச் எனும் சாகாத மந்திரவாதியாக அவரை மாற விடுவதா, அல்லது அந்த வாய்ப்பைக் கைவிட்டு மான்ஃப்ரெட்டைத் திரும்பக் கொண்டுவருவதா. நான் மான்ஃப்ரெட்டைக் கேட்டேன். என் தம்பி லிச் பாதையை எடுத்தான். இரண்டு பேரும் அதைப் பற்றி ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அப்பா போன பிறகு நாங்கள் சாவைப் பற்றி அப்படி மனம்விட்டுப் பேசியதே அப்போதுதான்.

வால்நதி சொல்லும் மறதி உண்மை. ஆனால் எம்ரிக்கின் கதையை எழுதியவர்களுக்கு டிராகன் ஏஜ் என்றால் என்ன என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

வால்நதி (மிட்ராண்ட்)

நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எம்ரிக்கின் பகுதியை மறுபடி ஆடத் தோன்றுகிறது. ஒத்துக்கொள்கிறேன், தோழர்களில் அவர் தனி உயரம். பெல்லாரா, நீவ், ஹார்டிங் எல்லோருக்கும் நல்ல கதைகள் இருக்கின்றன. என் குறை, அவர்கள் ஒருவரோடு ஒருவர் உரசுவதே இல்லை என்பது. எம்ரிக்குக்கும் டாஷுக்கும் எலும்புக்கூடு பற்றி வரும் சின்ன மனஸ்தாபம்கூட ரூக் நடுவில் போய் இரண்டு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடுகிறது. ஆரிஜின்ஸில் நீங்கள் புனிதச் சாம்பலைக் கெடுத்தால் பக்தியுள்ள தோழி லெலியானா உங்கள் மேலேயே ஆயுதம் எடுப்பாள். இரண்டாம் பாகத்தில் தோழன் ஆண்டர்ஸ் வழிபாட்டுத் தலத்தைத் தகர்த்ததைப் பார்த்துவிட்டு அவனைக் கொல்வதா விடுவதா என்று உட்கார்ந்து யோசித்தவர்கள் நாம். இங்கே ரூக் கெட்டவராக இருக்கவே முடியாது. கனிவாகச் சொல்லலாம், கிண்டலாகச் சொல்லலாம், உறுதியாகச் சொல்லலாம், சொல்வது கிட்டத்தட்ட ஒன்றுதான்.

2023இல் பால்டர்ஸ் கேட் 3 வந்து, கெட்ட வழியில் போனால் தோழர்கள் விலகுவார்கள், எதிர்த்து நிற்பார்கள் என்று காட்டிவிட்ட பிறகு இந்த வெறுமை இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

மேசைமலை (கேப் டவுன்)

அந்த ஒப்பீடு எனக்கு நியாயமாகப் படவில்லை. அதைச் செய்த லாரியன் நிறுவனத்தார் 2020 அக்டோபரிலிருந்தே முதல் பகுதியை மக்களிடம் விற்று, அவர்கள் சொன்னதைக் கேட்டு மூன்று ஆண்டுகள் திருத்தினார்கள். தங்கள் பணம், தங்கள் முடிவு. திசையை மாற்றச் சொல்ல மேலே யாரும் இல்லை.

வால்நதி (மிட்ராண்ட்)

அதைத்தான் நானும் சொல்கிறேன். ஒரே எண்ணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போக விட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி. ஜாப்ளினை நிறுத்தாமல் விட்டிருந்தால் கரும்புக்காடு அக்கா கேட்ட டெவின்டர் நமக்குக் கிடைத்திருக்கலாம்.

முதல்ரூக் (ஃபீனிக்ஸ், டர்பன்)

எனக்கு வெயில்கார்ட் இன்னும் பிடிக்கத்தான் செய்கிறது, அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் ஃபென்ரிஸ், அந்த எல்ஃப் சேரி, சோலஸின் பழைய முகம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? ஆரிஜின்ஸ் ரொம்பப் பழையது, கை ஓடுமா?

கரும்புக்காடு (டோங்காட்)

ஆரிஜின்ஸிலேயே தொடங்கு தம்பி. முகங்கள் பழசாகத் தெரியும், முதல் சில மணி நேரம் பொறுத்துக்கொள். நகரத்து எல்ஃபாகப் பாத்திரத்தை உருவாக்கு. திருமண நாளன்று கதை தொடங்கும். நான் இவ்வளவு நேரம் எதற்காக எழுதினேன் என்று அந்த முதல் பகுதியிலேயே உனக்குத் தெரிந்துவிடும்.

வால்நதி (மிட்ராண்ட்)

அக்கா சொன்னதை வழிமொழிகிறேன். கணினி இருந்தால் கணினியில் ஆடு, மேலிருந்து பார்த்துப் படையை நடத்தும் கோணம் அதில் மட்டும்தான் உண்டு. இரண்டாம் பாகத்தில் ஒரே குகை திரும்பத் திரும்ப வரும். ஃபென்ரிஸைச் சீக்கிரமே குழுவில் சேர்த்துக்கொண்டு பேச்சைக் கேட்டுக்கொண்டே நட. இன்குவிசிஷனில் ஹின்டர்லாண்ட்ஸ் பகுதியை முழுதாக முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று உட்காராதே, பலர் அங்கேயே சலித்து விட்டுவிட்டார்கள். போதிய பவர் புள்ளி வந்ததும் அடுத்த ஊருக்குப் போ. சோலஸ் பேசக் கூப்பிடும்போதெல்லாம் போய்ப் பேசு. ட்ரெஸ்பாசரைக் கட்டாயம் சேர்த்து வாங்கு, தள்ளுபடியில் அடிக்கடி வரும். முடித்ததும் இதே இழையில் எழுது, நாங்கள் இங்கேதான் இருப்போம்.